தம்பி தலை மேல் சத்தியம்

சூடத்தைக் கையால் அடித்து அணைத்தால் உள்ளங்கையில் ஒரு வாசம் தங்கும். கரி பாதி, சுட்ட தோல் பாதி. எங்கள் அம்மாவின் கையில் அதோடு, எத்தனை தேய்த்துக் கழுவினாலும் போகாத தேயிலைக் கொழுந்தின் கசப்பும் சேர்ந்திருக்கும். அந்த வாசத்தோடு அவள் கை என் தலையில் வந்து இறங்கியது என் ஒன்பதாவது வயதில், ஒரே ஒரு தடவை. அதற்கு முன்னும், அதற்குப் பிறகு பல வருஷங்களுக்கும், அவள் சத்தியம் செய்ததெல்லாம் தம்பியின் தலை மேல்தான். இதை எழுதும்போது எனக்கு நாற்பத்துச் சொச்சம் வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பதுளை டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் நினைத்தால் வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாங்கள் இருந்தது பெரகலைச் சந்திக்கு மேலே, அப்புத்தளைக்கு ஏறும் பாதையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் குடும்பங்கள் இருக்கும் லயம். குடும்பத்துக்கு ஒரு "காம்பரா". நடுவில் சுவர் இருந்தது, ஆனால் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, ஆகவே ஒரு வீட்டில் யாராவது சாமியை இழுத்தால் பத்து வீட்டுக்கும் கேட்கும். சாமியை இழுக்காத நாளே கிடையாது. தண்ணீர் பிடிக்கும் "பீலி"யில் ஒரு குடத்தை நகர்த்தி வைத்தால் போதும், "ஒன்னைய மாரியாத்தா கேக்க" என்று ஒரு குரல் எழும். "கேக்கட்டும்டி, மொதல்ல ஒன்னையத்தான் கேப்பா" என்று இன்னொரு குரல் பதில் சொல்லும். வெள்ளிக்கிழமை கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்ட அதே பேரை சனிக்கிழமை ஏச்சுக்குள் வைத்துத் திணித்து வீசுவார்கள்.

ஏன் திட்டுவதற்கும் சத்தியம் பண்ணுவதற்கும் சாமிதான் வேண்டியிருந்தது என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் ஆட்களின் சண்டையைத் தோட்டத்துத் துரை கேட்க மாட்டார், கணக்கப்பிள்ளைக்கு நேரமில்லை, பொலிஸுக்குப் போனால் பாஷை தெரியாது. மிச்சமிருந்த ஒரே மேலிடம் கோயிலில் இருந்தது. சத்தியத்துக்கும் அப்படித்தான். காணி இல்லை, இருக்கும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். சொன்ன வார்த்தைக்கு ஈடாக வைக்க எங்களிடம் இருந்தவை சாமியும் பெற்ற பிள்ளையும் மட்டுமே. அப்புத்தளை டவுனில் கருவாட்டுக் கடை முஸ்லிம் நானா, "வல்லாஹி, இது நேத்து வந்த சாமான் தங்கச்சி" என்று அல்லாவை இழுப்பார். பஸ்ஸில் சிங்களக் கண்டக்டர் எதற்கெடுத்தாலும் "அம்மப்பா" என்று தன் தாயை இழுப்பார். எங்கள் லயத்துப் பிள்ளைகளும் தாயைத்தான் இழுத்தோம். "அம்மா சத்தியமா" என்று நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். நான் அம்மாவை இத்தனை தடவை வைக்கிறேனே, அவள் என்னை ஒரு தடவைகூட வைக்க மாட்டேன் என்கிறாளே என்பதுதான் என் கணக்கு.

அம்மா வைத்தது கதிரை. என் தம்பி கதிர்வேல், என்னைவிட நாலு வயது இளையவன். அவன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு மத்தியானம் வலிப்பு வந்து கண் செருகிவிட்டதாம். கொழுந்து ஏற்றும் லொறியில் அவனைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், "கதிர்காமத்தானே, இவனக் குடுத்துட்டுப் போ, அஞ்சு வருஷத்துக்குக் கத்திரி படாம முடி வளத்து ஒன் வாசல்ல எறக்குறேன்" என்று அம்மா நேர்ந்துகொண்டாள். வலிப்பு நின்றது. அன்றிலிருந்து அவன் தலை அவனுடையது இல்லை, சாமியுடையது. எண்ணெய் வைத்து, வாரி, பெண்பிள்ளைக்குப் போல ரெட்டைச் சடை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பிராணி வேறு. எனக்கு முழு எண்ணெய் என்றால் அவனுக்கு மிச்சமில்லாமல் போய்விடும் என்று, முதலில் அவனுக்கு வைத்துவிட்டு, கையில் ஒட்டியிருப்பதை என் தலையில் துடைப்பாள். எனக்கு ஒரு வலிப்புகூட வந்ததில்லை. கல்லுக் குண்டாட்டம் வளர்ந்தேன், அதுதான் நான் செய்த தப்பு.

திட்டிலும் பாகுபாடு இருந்தது. அவன் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினால், "முருகா, ஒன் புள்ளய நீயே வந்து பாத்துக்க" என்று கூரையைப் பார்த்துச் சொல்வாள். கேட்டால் கொஞ்சுவது போலவே இருக்கும். நான் கொட்டினால், "சனியனே". அவனுக்கு மயில் மேல் வரும் முருகன், எனக்குக் காக்கை மேல் வரும் சனீஸ்வரன். ஒன்பது வயதில் இதையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் கவனித்து வைத்திருந்தேன்.

பக்கத்துக் காம்பராவில் செல்லம்மா பெரியம்மா இருந்தாள். உறவு ஒன்றும் இல்லை, அம்மாவைவிட மூத்தவள் என்பதால் எங்களுக்குப் பெரியம்மா. இருவரும் ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர்கள், ஒரே அடுப்பு நெருப்பை மாற்றி மாற்றி வாங்குபவர்கள், மாதத்துக்கு ஒரு தடவை முறைத்துக்கொள்பவர்கள். ஒரு நாள் கங்காணியிடம் தன்னைப் பற்றி யாரோ கோள் மூட்டிவிட்டார்கள் என்று பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். தம்பி அந்தப் பக்கம், இரண்டு முழம் தள்ளி, மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். "நான் சொல்லலக்கா. எம் மவன் தல மேல சத்தியம்" என்று அம்மா கையை நீட்டினாள். கை என் தலைக்கு மேலாக, என் முடியில் லேசாக உரசிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய் அவன் தலையில் உட்கார்ந்தது. என் தலை பக்கத்தில்தான் இருந்தது. எட்டிப்போய் அவன் தலையைத் தொட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை, அதுதான் இன்னும் பெரிய கோபம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி துவைக்கப் பீலிக்குப் போயிருந்தாள், அப்பா விறகுக்குப் போயிருந்தார், தம்பி பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் கட்டையில் அப்பாவின் பழைய சவர பிளேடு இருந்தது, நகம் வெட்ட வைத்திருந்தது. நான் என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அந்தத் தலையில் பிளேடு பட்டுவிட்டால் அது மற்றத் தலைகளைப் போல ஆகிவிடும், அப்புறம் அம்மாவுக்கு வேறு தலை வேண்டியிருக்கும், வீட்டில் இன்னொரு தலைதான் இருக்கிறது. இடது பக்கச் சடையின் நுனியில் நாலு விரல் நீளத்துக்கு அறுத்தேன். எண்ணெய் முடி, வழுக்கி வழுக்கித்தான் அறுபட்டது. அவன் விழிக்கவில்லை. அறுத்த பிறகுதான் அது சாமிக்கு நேர்ந்தது என்பது மண்டையில் ஏறியது. அடுப்பில் போட்டால் வாசம் வரும். கடதாசியில் சுற்றி என் பென்சில் டப்பாவில், கோடு போடும் அடிமட்டத்துக்குக் கீழே வைத்தேன்.

அன்று சாயங்காலம் தலை வார உட்கார்ந்த அம்மா போட்ட கூச்சலில் லயமே திரண்டது. நேர்ந்த முடியை வெட்டினால் சாமி குற்றம் என்பது ஒரு பக்கம். வெட்டிய முடி எங்கே என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முடி கையில் கிடைத்தால் செய்வினை செய்துவிடலாம் என்பது எங்கள் லயத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு மத்தியானம் எங்கள் வாசல் பக்கம் வந்து போனது யார் என்று யாரோ கேட்டார்கள். செல்லம்மா பெரியம்மா நெருப்பு வாங்க வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருந்தாள். கோள் மூட்டிய சண்டை வேறு ஆறாமல் கிடந்தது. அம்மா வாசலில் இறங்கி இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். "எம் புள்ள முடியில கை வச்சவ வெளங்க மாட்டா. கதிர்காமத்தான் வேலெடுத்து வருவான். மாரியாத்தா, நீ பாத்துட்டுத்தான இருக்க" என்று அவள் கத்தியபோது எல்லாரும் பெரியம்மாவின் காம்பராவைப் பார்த்தார்கள். அந்தச் சாபம் முழுவதும் எனக்குத்தான் என்பதை அங்கே அறிந்தவள் நான் ஒருத்திதான். அப்போதும் எனக்கு ஒரு மூலையில் எரிந்தது: அவனுக்காக அவள் எத்தனை சாமியைக் கூப்பிடுகிறாள்.

பெரியம்மா கதவைத் திறந்து வந்தாள். அழவில்லை. நேராக என்னைக் காட்டினாள். "ஊராளச் சொல்றதுக்கு முந்தி ஒன் மவளக் கேளு சரோசா. அவ மூஞ்சிய பாரு. வர்ற வெள்ளிக்கெழம கோயிலுக்கு வா. நான் எடுக்கலன்னு எங்கையால சூடத்த அணைக்கிறேன். ஒன் மவ எடுக்கலன்னு நீ அணை."

சூடம் அணைப்பது லேசுப்பட்ட விஷயமில்லை. வாயால் ஆயிரம் சத்தியம் பண்ணலாம். மாரியம்மன் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுப் பொய் சொன்னவர்கள் யாரும் எங்கள் தோட்டத்தில் இல்லை. அணைத்தால் வழக்கு முடிந்தது, தோட்டத் தலைவர் முதல் பூசாரி வரை அதற்கு மேல் ஒரு பேச்சுப் பேச மாட்டார்கள். பொய்யாக அணைத்தால், எந்தத் தலை மேல் சத்தியமோ அந்தத் தலை வெடித்துவிடும் என்று பிள்ளைகள் நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அந்த ஐந்து நாளும் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா தெரியாது. உண்மையைச் சொல்லிவிட நினைத்துத்தான் தினமும் எழுந்தேன். ஆனால், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லவிடாமல் தடுத்தது பயம் மட்டுமில்லை. வெள்ளிக்கிழமை அம்மா என் தலை மேல் கை வைப்பாள். ஊர் பார்க்க, சாமி பார்க்க, முதல் தடவையாக. அதை இழக்க எனக்கு மனமில்லை. வெடித்தாலும் வெடிக்கட்டும் என்று ஒரு நேரம் தோன்றும், அடுத்த நேரமே தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் பென்சில் டப்பாவில் கடதாசிப் பொட்டலம் இல்லை. எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பள்ளிக்கூடப் பாதை முழுக்கத் தேடினேன்.

வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்து, எல்லாரும் முகம் கழுவிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். மூடுபனி கோயில் வாசல் வரைக்கும் வந்து நின்றது. பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். பெரியம்மா முன்னால் வர அடி எடுத்து வைத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ வேணாங்கா. நானே சொல்லிர்றேன்" என்றாள். பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "செல்லம்மா அக்கா எடுக்கல. எம் மவளும் எடுக்கல. எண்ண வாசத்துக்கு எலி கத்திரிச்சிருக்கு. ஆத்தா எனக்குக் கெனவுல காட்டிட்டா. அக்காவ நான் பேசுனது தப்பு." சொல்லிவிட்டு ஓங்கிச் சூடத்தை அடித்தாள். சுட்ட கையை அப்படியே என் தலையில் வைத்தாள். "பொய்யின்னா, ஆத்தா, நீ என்னையக் கேளு."

அந்தக் கையின் சூடு மயிரைத் தாண்டி மண்டையில் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கவில்லை. லயத்துப் பெண்கள் "அப்பாடி" என்றார்கள். பெரியம்மா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள், அம்மா அவள் காலைத் தொடப் போனாள். எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை. ஒன்று, மாரியம்மனே அம்மாவின் கனவில் வந்து எலி என்று சொல்லியிருக்கிறாள் என்றால், சாமி எனக்காகப் பொய் சொன்னாளா? இன்னொன்று, தம்பி தலையில் கை வைத்தால், "பொய்யின்னா இந்தத் தல உருண்டு போவட்டும்" என்று முழுசாகச் சொல்லி முடிக்கிறவள், என் தலையில் வைத்துவிட்டு ஏன் "என்னையக் கேளு" என்றாள்? என் தலைக்கு முழுச் சத்தியம்கூடக் கட்டுப்படியாகவில்லையா? ஒன்பது வயதில் என் பொறாமை இவ்வளவு கணக்காகத்தான் வேலை செய்தது.

சித்திரையில் வீட்டுக்கு அம்மை வந்தது. யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் வந்தது தம்பிக்கு. உடம்பெல்லாம் முத்து முத்தாகப் போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். மாரியாத்தா வந்திருக்கிறாள், வீட்டில் இருக்கிறாள், சத்தம் போடக்கூடாது, தாளிக்கக்கூடாது என்றார்கள். சாமிகூட அவனைத் தேடித்தான் வருகிறாள், தப்புச் செய்தவள் நான் இங்கே இருக்கும்போது என்று எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. ஆனால் மூன்றாம் நாள் அவன் முனகுவதைப் பார்த்தபோது ஆத்திரம் போய்விட்டது. தலை மாறி இறங்கிவிட்டது, என் மேல் விழ வேண்டியது அவன் மேல் விழுந்துவிட்டது என்று நடுங்கிப்போய் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அன்னைக்கு எலி இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். வேப்பிலை அரைத்துக்கொண்டிருந்த கையால் என் வாயைப் பொத்தினாள். "வாய மூடு. ஆத்தா வீட்டுக்குள்ள இருக்கா. காதுல விழுந்துரும்" என்றாள். அம்மை வந்த வீட்டில் பேசக்கூடாது என்பதும் ஒரு முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாயெல்லாம் கசந்தது.

அவனுக்கு அம்மை இறங்கியது. ஆடி மாதம் கதிர்காமம் போனோம். பெரகலையில் பஸ் ஏறி, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்க இறங்க, குளிர் போய் வெக்கை வந்தது. போட்டிருந்த கம்பளிச் சட்டையை ஒவ்வொருவராகக் கழற்றினோம். மாணிக்க கங்கைக் கரையில் தம்பியை உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள். ஒரு பக்கம் குட்டையாக இருந்த சடையைப் பார்த்து நாவிதர் ஒன்றும் கேட்கவில்லை. அவன் எழுந்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதே பலகையில் உட்கார்ந்தாள். அப்பா, "என்னா புள்ள இது?" என்றார். கொண்டையை அவிழ்த்தாள். அவளுக்குத் தொடை வரைக்கும் முடி. லயத்தில் அத்தனை முடி யாருக்கும் இல்லை, மலையில் கூடை கட்டும்போது அந்தக் கொண்டை மேல்தான் கயிறு உட்காரும். அத்தனையும் ஈர மணலில் விழுந்தது.

எனக்கு அழுகை வந்தது. பாவம் என்று இல்லை. அவனுக்காக இவ்வளவையும் கொடுக்கிறாளே என்று. அம்மை இறங்கியதற்கு நன்றியாக, நேராத நேர்த்தியாக, தன் முடியையும் கொடுக்கிறாள். நான் செத்தால்கூட இவள் ஒரு மயிரைக் கொடுப்பாளா என்று நினைத்தேன். அப்பா எங்களைக் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். படத்தில் சந்தனம் பூசிய இரண்டு மொட்டைத் தலைகள் பக்கத்தில் பக்கத்தில். ஓரத்தில் எண்ணெய் வழியும் ரெட்டைச் சடையோடு நான், வேறு வீட்டுப் பிள்ளை தவறி வந்து நின்றது போல.

அந்தப் படம் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நான் கேட்டு வாங்கி வைத்ததில்லை, அம்மா என்னோடு வந்தபோது அதுவும் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்தார். செல்லம்மா பெரியம்மா கடைசிவரை அம்மாவோடு நெருப்பு மாற்றிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். கதிர் கொழும்பில் ஒரு கடையில் மேனேஜர், இப்போது நேர்த்தி ஒன்றும் இல்லாமலேயே அவன் தலை மொட்டை. அந்த லயத்தில் இப்போது நாலு குடும்பம்தான், மற்றக் காம்பராக்களுக்குப் பூட்டு. கோயில் கட்டிடம் பெரிதாகி, கோபுரத்துக்கு வர்ணம் அடித்திருக்கிறார்கள். ஆனால் சூடம் அணைக்கும் வழக்கத்தை யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள் அங்கே இருக்கும் பிள்ளைகள். சண்டை என்றால் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். என் மகள் எதற்கும் "ப்ரோமிஸ்" என்கிறாள். யார் தலையும் இல்லாத சத்தியம். பொய்யானால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டால் அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

போன மாதம் ஒரு காலை. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்துவிட்டு, போட்டாயா என்று கேட்டேன். "போட்டுட்டேன்டி. ஒந்தல மேல சத்தியம்" என்றாள். வயதான பிறகு இப்படிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள், நானும் உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாசலில் குரோட்டன் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், தொட்டி மண்ணில் ஏழெட்டு மாத்திரைகள் ஊறிப்போய்க் கிடந்தன. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேலான கோபம், வேறென்ன.

"பொய்ச் சத்தியம்னா மட்டும் என் தலையா? அவன் தல நல்ல சத்தியத்துக்கு, என் தல குப்பைக்கா?" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் அதுவும் வந்துவிட்டது. "அன்னைக்குக் கோயில்லயும் நீ வச்சது பொய்ச் சத்தியந்தான், ஒனக்குத் தெரியாது. எலியும் இல்ல ஒன்னும் இல்ல. நான்தான் வெட்டுனேன்."

அம்மா போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"ஒன் பென்சில் டப்பாவுல பாத்தேன். கோயிலுக்குப் போறதுக்கு மொத நாளே பாத்துட்டேன்."

அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? ஏன் என்னை அடிக்கவில்லை என்று கேட்கவில்லை, பெரியம்மாவிடம் சொன்னாயா என்று கேட்கவில்லை. "தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு என் தலையில வச்ச?" என்றுதான் கேட்டேன்.

"பொய்ச் சத்தியத்த அவன் தலையிலயா வைக்கச் சொல்ற?" என்றாள் அம்மா, இதென்ன கேள்வி என்பது போல. "அது சாமிக்கு நேந்த தல. ஒத்த வலிப்புக்குத் தாங்காத புள்ள. நீ தாங்குவ."

இதைக் கேட்க இத்தனை வருஷம் காத்திருந்தேன் பாருங்கள். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். அம்மா கத்தியால் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். "அதுக்காக ஒன் தலைய அப்புடியே விட்டுட்டேன்னா நெனச்ச? ஆத்தாகிட்ட என்னையக் கேளுன்னு சொன்னேன்ல. அவனுக்கு அம்மை போட்டதும், சரி, ஆத்தா என்னையக் கேட்டுட்டாடின்னு தெரிஞ்சு போச்சு. கதிர்காமத்துல அவன் முடி அவனுக்கு நேந்தது. என் முடி யாருக்குன்னு நெனச்ச? ஒன் தலைக்கு." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, "அதுக்கப்புறம் அந்த அளவுக்கு வளரவே இல்ல" என்றாள்.

நான் படத்தின் முன்னால் போய் நின்றேன். முப்பது வருஷமாகப் பார்த்து வயிறெரிந்த படம். இரண்டு மொட்டையில் ஒரு மொட்டை என்னுடையது.

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. பத்து மணிக்குக் கதிருக்கு போன் எடுத்தேன். வேலை நேரத்தில் எடுக்க மாட்டேன் என்பதால் அவன் பயந்துவிட்டான், அம்மாவுக்கு என்ன என்றான். ஒன்றுமில்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று முழுவதையும் சொன்னேன், அவன் சடையை அறுத்ததையும் சேர்த்து. சடை அறுத்ததைக் கேட்டு அவன் சிரித்தான். கடைசியில் மொட்டையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அது எப்புடிக்கா? அம்மா எனக்காகத்தான மொட்டை அடிச்சாங்க" என்றான். "நான் எல்லார்கிட்டயும் அப்புடித்தான சொல்லியிருக்கேன்."

ஐம்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன், இரண்டு பிள்ளைகளின் அப்பன், அவன் குரல் கம்மியிருந்தது. அந்தக் கம்மலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வயதிலிருந்து என் தொண்டையில் இருந்தது அது. அவனிடத்தில் நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

"போன அம்மாகிட்ட குடு, நான் கேக்குறேன்" என்றான்.

"தூங்குறாங்கடா."

"இந்த நேரத்துலயா? சத்தியமாவா?"

"அம்மா சத்தியமா" என்றேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா நறுக்குவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அடி சனியனே" என்றாள், போனில் கேட்டுவிடாதபடி மெதுவாக.